ஜீர்ணோத்தாரண தர்மம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவத்திற்கு எழுந்தருளும் பாகவதர்கள் எம்பெருமானை ஸேவித்துவிட்டு ப்ராகாரத்தை வலம் வரும்போது, "கோயிலை எவ்வளவு நன்றாகப் புதுப்பித்துவிட்டார்கள்!" என்றோ, "இன்னும் பழைய மாதிரியே வைத்திருக்கிறார்களே!" என்றோ சொல்லாமல் போவது அபூர்வம். முன்னது புகழ்ச்சி என்றும் பின்னது குறை என்றும் சொல்பவரும் கேட்பவரும் எடுத்துக்கொள்கின்றனர். பழையதாயிருப்பது குறைதானா? புதியதாக்குவதுதான் திருப்பணியா? இது ஸ்தபதிக்கும் கொத்தனாருக்கும் உரிய விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் இது தர்ம விசாரம். கைங்கர்யம் என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொண்டிருக்கிறோம் என்பதே இதில் வெளியாகிறது.

சாஸ்த்ரங்கள் இப்பணிக்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயரிட்டுள்ளன. ஜீர்ணமாவது சிதைவுற்றது. உத்தாரணமாவது மேலே தூக்கிவிடுதல், கரையேற்றுதல். கிணற்றில் விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கினால் அது உத்தாரணம். விழுந்தவனை விழுந்தபடியே விட்டுவிட்டு, அவன் ஜாடையில் வேறொருவனைக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினால் அதற்கு அப்பெயர் செல்லாது. இக்காலத்தில் திருப்பணி என்ற பெயரால் நடப்பனவற்றுள் இவ்விரண்டில் எது அதிகம் என்பதை அன்பர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ந்யாய சாஸ்த்ரம் வாசித்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வரும். வஸ்த்ரத்திலிருந்து ஒரு நூலை உருவிவிட்டால் எஞ்சியிருப்பது முன்னிருந்த வஸ்த்ரமா, புதிய வஸ்த்ரமா? தார்க்கிகர்கள், பழைய வஸ்த்ரம் அப்போதே அழிந்தது, இப்போதிருப்பது வேறொரு வஸ்த்ரம் என்பர். அவயவங்களுக்கு வேறாக அவயவி என்று ஒன்று உண்டு என்பது அவர்கள் கொள்கை. அதன்படி பார்த்தால் மதிலில் ஒரு கல்லை மாற்றினாலும் கோயில் வேறாகிவிடும். நம் ஸித்தாந்தத்தில் அந்த இடர்ப்பாடு இல்லை. நூல்களின் சேர்க்கை விசேஷமே வஸ்த்ரம். அவஸ்தை மாறலாம், த்ரவ்யம் ஒன்றே.

இவ்வளவு கேட்டதும், "அப்படியானால் எல்லாக் கல்லையும் மாற்றலாமே, அமைப்பு ஒன்றாயிருந்தால் போதுமே" என்பார் உண்டு. அமைப்பு ஒன்றாயிருந்தால் ஜாதி ஒன்றாகும். இதுவும் கோயில், அதுவும் கோயில் என்னலாம். ஆனால், "இதுவே அது" என்று சொல்ல அது போதாது. "இவனே அந்தத் தேவதத்தன்" என்னும் ப்ரத்யபிஜ்ஞை உண்டாவதற்கு, அன்று கண்டதும் இன்று காண்பதும் அறுபடாத ஒரு தொடர்ச்சியில் நிற்க வேண்டும். ஐந்து வயதில் பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு வந்த குழந்தை, அறுபது வயதில் திரும்பி வந்து அதே தூணைத் தொட்டு, "இதில்தான் பாட்டி சாய்ந்து உட்காருவாள்" என்று சொல்ல முடிகிறதா? இதைவிட நல்ல அளவுகோல் அடியேனுக்குத் தெரியவில்லை.

கீதையைக் காட்டி வாதிப்பவர்களும் உளர். ஆத்மா பழைய சரீரத்தை வஸ்த்ரம்போல் களைகிறதென்று பகவானே சொல்லியிருக்க, பழைய கட்டடத்தைக் களைவதில் தோஷமென்ன என்பது அவர்கள் கேள்வி. களைவது சரீரத்தை உடையவன் செய்கிற கார்யம். அவன் உடுத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருப்பவர்கள் உருவுவதற்கு வேறு பெயர் உண்டு.

நிற்க. சில்ப நூல்கள் என்ன சொல்லுகின்றன என்று பார்ப்போம். மயமதத்தில் ஜீர்ணோத்தாரணத்திற்கென்றே ஓர் அத்யாயம் இருக்கிறது. அங்கங்களும் உபாங்கங்களும் இன்னும் இனங்காணும்படி நிற்கின்ற ஆலயத்தை, அதற்குரிய த்ரவ்யத்தைக்கொண்டே சீர்செய்ய வேண்டும் என்பதும், முன்னிருந்த த்ரவ்யத்திற்கு ஸமமானதையோ உயர்ந்ததையோ இடலாம், தாழ்ந்ததை இடலாகாது என்பதும் அதன் கருத்து. "உயர்ந்ததை இடலாம்" என்ற இந்த ஒரு சலுகையைப் பிடித்துக்கொண்டுதான் சிமெண்டு நம் கோயில்களுக்குள் நுழைந்தது. சுண்ணாம்பைவிடச் சிமெண்டு கெட்டியானது, ஆகவே உயர்ந்தது என்று வெகுகாலம் நம்பினோம். கெட்டியாயிருப்பது உயர்வாகுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நம் கோபுரங்களில் கல்காரம் வரை கருங்கல். அதற்குமேல் நிலைநிலையாகச் செங்கல்லும் சுண்ணாம்பும். அதன்மேல் சுதை வேலை. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயிலிட்டுச் சுட்டு, நீர்விட்டு நீற்றி, குழியில் ஊறவைத்து, மணல் சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை வார்த்துப் பதம் பார்ப்பார்கள். சுடும்போது சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் அக்கல் தன்னுள் இருக்கும் கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவைப் பல ஆண்டுகள் சிறிது சிறிதாக உள்வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே ஆகிவிடுகிறது. த்ரவ்யம் ஒன்று, அவஸ்தைகள் பல என்ற நம் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான த்ருஷ்டாந்தம் பாடசாலையில்கூடக் கிடைக்காது.

இந்தச் சுண்ணாம்பு மூச்சுவிடும். மழையில் செங்கல் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். கட்டடம் சற்றே அசைந்தால் தானும் இளகிக் கொடுக்கும். மயிரிழை போன்ற வெடிப்புக்களைக் காலப்போக்கில் தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. சிமெண்டுக்கு இந்தக் குணங்கள் இல்லை. இங்கிலாந்தில் ஜோஸப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமை பெற்றது 1824-ல். இருநூறு ஆண்டு வயதுள்ள அப்பொருளை எழுநூறு, எண்ணூறு ஆண்டு வயதுள்ள சுவரின்மேல் பூசுகிறோம். உள்ளே புகுந்த ஈரம் வெளிவர வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்குகிறது. உப்புப் பூத்து, பூச்சு பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. பூச்சு கெட்டி, உள்ளே இருப்பது மெத்து. இரண்டில் மெத்தானதே அழியும். கல்லைத் துளைத்து இரும்புக் கம்பியைச் செருகுவது அதனினும் கொடிது. துருவானது இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் ஆதலால், உள்ளிருந்தே கல்லைப் பிளந்துவிடும். எனாமல் வர்ணத்தைப் பற்றி அடியேன் அதிகம் சொல்லப்போவதில்லை. கோபுரத்திற்கு மழைக்கோட்டு மாட்டி வெயிலில் நிறுத்தியது போலத்தான்.

உலகத்திற்கும் இதனால் கேடு உண்டு. சிமெண்டைச் சுட சுமார் 1450 டிகிரி உஷ்ணம் வேண்டும். மனிதன் செய்யும் கார்யங்களால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருவதாகக் கணக்கிட்டுள்ளனர். சுண்ணாம்பைச் சுடுவதிலும் புகை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கொடுத்ததில் ஒரு பகுதியையாவது அது திரும்ப வாங்கிக்கொள்கிறது. இருக்கிற கல்லை இருக்கிற இடத்திலேயே நிறுத்திவைத்தால் எதையும் சுடவே வேண்டாம். பூமிப்பிராட்டியும் எம்பெருமானுக்கு நாச்சியார் என்று ஸேவிக்கிற நாம், அவள் மடியைத் தோண்டியும் எரித்தும் அவள் நாயகனுக்கு மண்டபம் கட்டுவது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு நீடித்து நிற்காது என்று ஐயுறுவோர் ஸ்ரீரங்கத்திற்குச் சென்று பெரிய பெருமாளை ஸேவிக்கட்டும். அவருடையது சுதைத் திருமேனி. ஆகவே மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. ஆண்டுக்கு இருமுறை தைலக்காப்பு ஸமர்ப்பிக்கிறார்கள். அர்ச்சகர்களின் கைகள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன. அதே ஸ்ரீரங்கத்தில் 2015-ல் முடிந்த திருப்பணியில், பிற்காலத்தில் அடைத்துக் கட்டியவற்றை அகற்றிப் பழைய அமைப்பை வெளிப்படுத்தினார்கள். மழைநீர் ஓடிய பழைய வழிகளையும் மீட்டார்கள். 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது அதற்குக் கிடைத்தது. சேர்த்ததற்காக அன்றி, நீக்கியதற்கும் மீட்டதற்கும் கிடைத்த பாராட்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

காஞ்சியில் அத்தி வரதரை அறியாதார் இல்லை. மூலஸ்தானத்தில் இன்று நாம் ஸேவிப்பது சிலா திருமேனி. ஆயினும் பழைய தாரு திருமேனியை நம் பெரியோர் களைந்துவிடவில்லை. அனந்தஸரஸ்ஸில் எழுந்தருளப் பண்ணி, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளச் செய்கிறார்கள். 1939-லும் 1979-லும் ஸேவை ஸாதித்த பெருமாள், 2019-ல் ஜூலை முதல் நாள் தொடங்கி 48 நாள் முதலில் சயனத்திலும் பிறகு நின்ற திருக்கோலத்திலும் ஸேவை ஸாதித்தார். லக்ஷக்கணக்கான ஜனங்கள் அங்கே திரண்டது ஒரு பழைய மரத்திருமேனியைக் காண்பதற்கு! பழையது வேண்டாம் என்று ஜனங்கள் நினைப்பதாக நிர்வாகம் செய்வோர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பூரியில் முறை வேறு. அங்கே ஆஷாடம் அதிகமாஸமாக வரும் ஆண்டில், ஜகந்நாதருக்குப் புதிய தாருவில் திருமேனி செய்து, உள்ளே உள்ள பரம ரஹஸ்யமான வஸ்துவைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுகிறார்கள். 1996-லும் 2015-லும் இது நடந்தது. பழைய திருமேனிகளைக் கோயிலுக்குள்ளேயே பூமியில் சேர்த்துவிடுகிறார்கள். இதுவும் சாஸ்த்ர ஸம்மதமே. ஜப்பான் தேசத்தில் இஸே என்னும் க்ஷேத்ரத்திலும் இதற்கு ஒப்பான வழக்கம் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தாலான கோயிலைப் பக்கத்து மனையில் அப்படியே புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளப் பண்ணுகிறார்கள். 2013-ல் நடந்தது 62-ஆவது தடவை. பழைய மரங்களை வேறு கோயில்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

அவர்கள் புதிதாகக் கட்டுகிறார்களே, நாம் ஏன் கூடாது என்று கேட்கலாம். அவர்கள் மரத்தை மாற்றி வித்தையைக் காக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு ஒருமுறை கட்டுவதால், தகப்பன் செய்ததைப் பிள்ளை பார்த்தும் கூடச் செய்தும் கற்கிறான். நாமோ கல்லையும் மாற்றுகிறோம், வித்தையையும் விடுகிறோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸம்ப்ரோக்ஷணம் என்ற வழக்கம் நமக்கும் உண்டல்லவா? ஒவ்வொரு தடவையும் சுண்ணாம்பு அரைத்துச் சுதை பூசியிருந்தால், அரைக்கத் தெரிந்த கை ஊருக்கு நாலு இருந்திருக்கும். இன்று அந்தப் பதம் தெரிந்தவரைத் தேடி ஜில்லா ஜில்லாவாக அலைய வேண்டியிருக்கிறது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸந்நிதியில், வெளியூரில் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர், காலஞ்சென்ற தம் தாயாரின் பெயரால் ப்ராகாரம் முழுவதும் மெருகேற்றிய க்ரானைட் பலகை பதித்துத் தர முன்வந்தார். வேண்டாம் என்று நயமாகச் சொன்னபோது அவர் கண் கலங்கிற்று. "ஸ்வாமி, நான் பக்தியோடு கொடுக்கிறேன். பெருமாளே எனக்குக் கொடுத்த பணம். அதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு ஏது அதிகாரம்?" என்றார். இது அஹங்காரத்தில் பிறந்த கேள்வி அன்று. அடியேன் இன்றளவும் இதை எளிதான கேள்வியாக எண்ணவில்லை. இலையோ பூவோ நீரோ எதுவாயினும் பக்தியோடு கொடுத்தால் ஏற்பதாக வாக்களித்தவனுடைய வாசலில் நின்றுகொண்டு, ஒருவருடைய காணிக்கையை மறுப்பது லேசான கார்யமா?

அவரை அழைத்துக்கொண்டு போய் விமானத்தின் அதிஷ்டானத்தைக் காட்டினேன். ஜகதியிலும் குமுதத்திலும் பட்டிகையிலும் வரிவரியாகக் கல்வெட்டு. நான்கு அங்குலம் தரை உயர்ந்தால் அடிவரிகள் மறைந்துவிடும். நம் கோயில்களில் இவ்வரிகள் பெரும்பாலும் என்ன சொல்லுகின்றன? ஒருவர் நந்தாவிளக்குக்காக 90 ஆடோ 96 ஆடோ விட்டிருப்பார். ஒரு அம்மையார் திருநந்தவனத்திற்கு நிலம் எழுதிவைத்திருப்பார். ஸ்ரீரங்கத்தில் மட்டும் இத்தகைய கல்வெட்டுக்கள் அறுநூறுக்கு மேல் படியெடுத்து அச்சாகியுள்ளன. அவையெல்லாம் அக்காலத்து உபயங்கள். அவர்களும் தாயார் பெயராலும் தகப்பனார் பெயராலும் கொடுத்தவர்களே. நம் உபயத்தைப் பதிக்க இன்னொருவர் உபயத்தைப் புதைப்பது எந்த தர்மத்தில் சேரும்? முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். சைவ ஸ்தலமாகிய திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுக்களை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். அவன் குமாரன் ராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடியும் கல்லில் வெட்டப்பட்டன. சக்ரவர்த்தி தன் பெயரைப் பொறிக்குமுன் பிறர் பெயரைக் காப்பாற்றினான்! மெருகுக்காகக் கல்வெட்டின்மேல் மணலை வீசியடித்துச் சுத்தம் செய்த காலமும் பிற்பாடு வந்தது.

கல் பாவிய பழைய தரையில் இடுக்குக்களின் வழியே மழைநீர் மண்ணில் இறங்கும் என்பதையும், மெருகுக் கல்லில் மழையன்று வயோதிகர்கள் வழுக்கி விழுவதையும்கூட அவரிடம் சொன்னேன். ஆனால் அவரை அசைத்தது இவை அல்ல. அந்த வரிகளில் ஒன்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தார். பின்னர் பெயர்ந்திருந்த பழைய கற்களை மணல் பரப்பி மட்டமாக மறுபடி பாவவும், தூர்ந்துபோன மழைநீர்க் கால்வாயைத் திறக்கவும் திரவியம் கொடுத்தார். அதில் பெயர் பொறிக்க இடமில்லை. அவர் கேட்கவும் இல்லை.

காணிக்கையை ஏற்பது வேறு. அதன் வடிவத்தைக் கொடுப்பவர் தீர்மானிப்பது வேறு. ஸ்ரீராமாயணத்தில் பஞ்சவடிப் ப்ரகரணத்தை நினைவுகூர வேண்டும். உனக்குப் பிடித்த இடத்தைப் பார்த்து ஆச்ரமம் அமைப்பாய் என்று பெருமாள் இளைய பெருமாளிடம் சொல்லுகிறார். இளைய பெருமாளுக்கு அது பொறுக்கவில்லை. தேவரீர் இருக்க அடியேனுக்கென்று ஒரு பிடித்தம் உண்டோ, இடத்தைத் தாமே காட்டி இங்கே கட்டு என்று நியமிக்க வேண்டும் என்று கைகூப்பி விண்ணப்பிக்கிறார். பாரதந்த்ர்யத்திற்கு நம் ஆசார்யர்கள் எடுத்துக்காட்டும் இடம் இது. அது கட்டடம் கட்டும் ஸந்தர்ப்பத்தில் நிகழ்ந்தது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எதைக்கொண்டு கட்டினார்? மண்ணால் சுவர், மூங்கிலால் உத்திரம், வன்னிக் கிளைகள், தர்ப்பையும் நாணலும் வேய்ந்த கூரை. எல்லாம் அந்த வனத்தில் கைக்கெட்டியவை. அதைக் கண்டு பெருமாள் உகந்து அவரை ஆரத் தழுவிக்கொண்டார். சேஷனுக்கு லக்ஷணம் சேஷியின் உகப்பு. நமக்கு எது அழகாய்ப் படுகிறதென்பது அங்கே ப்ரமாணமாகாது.

இதனால் ஒன்றையும் தொடக்கூடாது என்று அடியேன் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். பழமையைக் காப்பதென்பது பழுதைக் காப்பதன்று. க்ருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம் 2010 மே 26 இரவு இடிந்து விழுந்தது. அதில் முன்பே வெடிப்புக் கண்டிருந்தது. மீண்டும் கட்டி 2017-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். விழுந்தபின் புதிதாகக் கட்டாமல் என்ன செய்வது? நிற்கமாட்டாத உத்திரத்தை மாற்றத்தான் வேண்டும். யாத்ரிகர்களுக்குத் தண்ணீரும் கழிப்பிடமும் விளக்கும் வேண்டும். நடக்கமாட்டாதவர்களுக்குச் சரிவுப்பாதை வேண்டும். அவற்றைச் சுவரை உடைக்காமல், நாளை வேண்டாமென்றால் எடுத்துவிடும்படி அமைக்கலாம். மதிலுக்கு வெளியே அமைத்தால் இன்னும் விசேஷம். எது மஹாங்கம், எது உபாங்கம் என்று பிம்பத்திற்கு ஆகமங்கள் தாரதம்யம் சொல்லுகின்றனவே, அந்த நிதானம் கட்டடத்திற்கும் வேண்டும். ஒரு விரல் பின்னமானதற்குத் திருமேனியையே மாற்றுவார் உண்டோ?

உபயம் செய்ய விரும்பும் அன்பர்கள் எதைச் செய்யலாம் என்று கேட்பதால் சிலவற்றைச் சொல்லுகிறேன். ஊறவைத்த சுண்ணாம்பு எப்போதும் குழியில் இருக்கும்படி செய்யலாம். சுதை வேலை கற்கும் ஒரு பையனுக்கு இரண்டு வருஷம் சாப்பாடு போடலாம். கதவுகளுக்கு எண்ணெய் பூசலாம். திருக்குளத்திற்கு நீர் வரும் வாய்க்காலைத் தூர்வாரலாம். எல்லாவற்றையும்விட அவசரமானது கோபுரத்து இடுக்குக்களில் பறவைகள் போட்ட விதையிலிருந்து முளைக்கும் அரசும் ஆலும். ஐப்பசி மழைக்கு முன்னால் அது இரண்டு இலையுள்ள கன்று. சாரம் கட்டி ஏறத் தெரிந்த ஆள் ஒருவர், ஒருநாள் கூலி, விரலால் பிடுங்கிவிடலாம். மூன்று மழை கண்டபிறகு வேர் செங்கல்லுக்குள் இறங்கிவிடும். அப்போது கிளையை வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். வேரை எடுக்க அந்த நிலையையே பிரிக்க வேண்டியிருக்கும். இந்த ஆண்டு உத்ஸவம் முடிந்து கொடியிறக்கிய மறுநாளே அதற்கு ஏற்பாடாகியிருக்கிறது. உடன் வந்து கைங்கர்யம் செய்ய இசைவுள்ளவர்கள் ஸந்நிதியில் தெரிவிக்கலாம்.